மலைக்கு ஏணி அமைத்தவர்

நுழையும்முன்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்குச் செல்லும் மலைத்தொடர்வண்டியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். அவ்வண்டி செங்குத்தான மலையில் வழுக்காமல் ஏறுவதற்குக் காரணமான எண்ணத்திற்கு நெடிய வரலாறு உண்டு. தந்தையை இழந்த சிறுவனாகத் தொழிற்பட்டறைக்குள் நுழைந்து, செருமானிய நீராவிப்பொறிகளின் தொடக்கக் காலத்தில் கைத்திறன் கற்று, மலைக்குரிய இருப்புப்பாதையைப் படைத்த நிக்லாஸ் ரிக்கன்பாக் என்பவரின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது அவ்வரலாறு.

சமவெளியின் சக்கரம்

தூத்துக்குடி மாவட்டத்தில் பனைமரங்களும் செம்மணல் தேரிகளும் சூழ அமைந்த ஊர் நாசரேத். திருநெல்வேலியிலிருந்து புறப்படும் தொடர்வண்டி திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களைக் கடந்து நாசரேத்தை அடைகிறது. பின்னர்க் குரும்பூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குச் செல்கிறது. 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை வயல்களையும் வாழைத்தோட்டங்களையும் பனங்காடுகளையும் ஊடறுத்து ஏறக்குறைய மட்டமாகவே ஓடுகிறது. பெட்டிகள் பலவற்றை இழுக்கும் பொறிக்கு இங்கே பெரிய இடர் ஒன்றும் இல்லை.

இந்நிலத்தில் தொடர்வண்டி ஓடுவதற்கு அடிப்படையாக அமைவது உராய்வு. வழவழப்பான தண்டவாளத்தின்மீது வழவழப்பான சக்கரம் அழுந்தி நிற்கிறது. பொறியின் எடை அச்சக்கரத்தைத் தண்டவாளத்தோடு பற்றவைக்கிறது. சக்கரம் சுழலும்போது அப்பற்றே வண்டியை முன்னே செலுத்துகிறது. சமவெளியில் இப்பற்று போதுமானது.

மலைச்சரிவில் நிலைமை மாறுகிறது. சரிவு கூடக்கூட வண்டியின் எடையே அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது; சக்கரத்தின் பற்று குறைகிறது. மழைநீரும் பனியும் உதிர்ந்த இலைகளும் தண்டவாளத்தில் படிந்தால் அப்பற்று மேலும் தளர்கிறது. அந்நிலையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி ஏறாது. பொறியின் ஆற்றலை எவ்வளவு பெருக்கினாலும் பயன் இல்லை. ஆற்றல் இருந்தும் பிடிப்பு இல்லாத இந்த இடர்ப்பாட்டையே ரிக்கன்பாக் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டார்.

பட்டறையே பள்ளி

நிக்லாஸ் ரிக்கன்பாக் 1817ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலுள்ள கெப்வைலர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. தந்தை பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். அத்தொழில் நலிவுற்றது. நிக்லாஸ் சிறுவனாக இருந்தபோதே தந்தை மறைந்தார். தாய் தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குத் திரும்பினார்.

வறுமை சூழ்ந்த அக்குடும்பத்தில் நீண்டகாலக் கல்விக்கு இடம் இல்லை. நிக்லாஸ் பொறித்தொழில் பயிற்சியாளராகப் பட்டறையில் சேர்ந்தார். அரமும் சுத்தியலும் கடைசல் பொறியும் அவருக்குப் பாடநூல்கள் ஆயின. பயிற்சி முடிந்த பின்னர் அக்காலத் தொழிலாளர் வழக்கப்படி ஊர்விட்டு ஊர்சென்று வேலை கற்றார். பிரான்சு நாட்டின் லியோன் நகரிலும் பாரிசு நகரிலும் பணியாற்றினார். பாரிசில் பகலெல்லாம் பட்டறையில் உழைத்தார். மாலையில் கணிதமும் இயற்பியலும் இயந்திரவியலும் கற்பிக்கும் வகுப்புகளுக்குச் சென்றார். பகலில் கை செய்ததன் காரணத்தை இரவில் அறிவு தேடியது எனலாம்.

பாரிசிலிருந்து சென் செர்மேன் என்னும் ஊர்வரை 1837ஆம் ஆண்டு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. புகை கக்கி ஓடிய அவ்வண்டி இளைஞர் ரிக்கன்பாக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் வாழ்க்கையை இருப்புப்பாதைத் தொழிலுக்கே ஒப்படைப்பதென அவர் உறுதி பூண்டார்.

கைத்தொழிலைக் கல்வியாகக் கருதும் இவ்வெண்ணம் தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. நாசரேத்தில் மருத்துவப் பணியும் கல்விப் பணியும் ஆற்றிய ஆர்தர் மர்காஷிஸ் 1878ஆம் ஆண்டு அவ்வூரில் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார். ஏட்டுக்கல்வி எட்டாத பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் கைவந்தால் வாழ்வு நிமிரும் என்னும் நம்பிக்கையே அத்தகைய பள்ளிகளின் அடித்தளம். ரிக்கன்பாக்கின் வாழ்க்கை அந்நம்பிக்கைக்குச் சான்றாக விளங்குகிறது.

கைவிடப்பட்ட பல்

ரிக்கன்பாக் பிற்காலத்தில் செய்தது என்ன என்பதை உணர, நீராவிப்பொறியின் தொடக்கக் காலத்தை நோக்குதல் வேண்டும். வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் பாரம் இழுக்க இயலாது. வழுக்கிவிடும் என்னும் ஐயம் அக்காலத்தில் பலரிடம் இருந்தது. ஆகவே, இங்கிலாந்தின் லீட்சு நகரில் ஜான் பிளெங்கின்சாப் என்பவர் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்களை அமைத்தார். பொறியிலிருந்த பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விச் சுழன்று வண்டியை நகர்த்தியது. 1812ஆம் ஆண்டு அவ்வமைப்பில் நிலக்கரி வண்டிகள் ஓடின.

செருமானிய மண்ணில் முதன்முதலில் செய்யப்பட்ட நீராவிப்பொறியும் இவ்வமைப்பையே பின்பற்றியது. பிரசிய அரசின் பெர்லின் இரும்பு வார்ப்பாலையைச் சேர்ந்த கிரிகார் என்பவர் இங்கிலாந்து சென்று பிளெங்கின்சாப்பின் பொறியைக் கண்டார். தாயகம் திரும்பி 1816ஆம் ஆண்டு அதனை ஒத்த பொறி ஒன்றைச் செய்து முடித்தார். பெர்லின் மக்கள் அதனை வியந்து பார்த்தனர். பின்னர் அப்பொறி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, மேல் சைலீசியாவிலிருந்த இரும்பாலைக்கு அனுப்பப்பட்டது. ஆங்கே பொருத்திப் பார்த்தபோது பொறியின் சக்கர இடைவெளியும் தண்டவாளத்தின் இடைவெளியும் ஒத்துவரவில்லை. அரிதின் முயன்று செய்த பொறி ஒருநாளும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

இதற்கிடையில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெட்லி முதலியோர், பொறி போதிய எடையுடன் இருந்தால் வழவழப்பான சக்கரமே பாரத்தை இழுக்கும் என்பதை மெய்ப்பித்தனர். பற்கள் தேவையற்றவை ஆயின. 1835ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் செருமனியின் நியூரம்பெர்க்கு நகருக்கும் ஃபியூர்த் நகருக்கும் இடையே ஆட்லர் என்னும் பொறி வண்டியை இழுத்து ஓடியது. இராபர்ட் ஸ்டீவன்சனின் நியூகாசில் பட்டறையில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்த பொறி அது. கழுகு என்பது அதன் பெயரின் பொருள். அதனை ஓட்டியவரும் வில்லியம் வில்சன் என்னும் ஆங்கிலேயரே.

ஆட்லரின் அமைப்பு எளிமையானது. அடுப்பில் எழும் வெப்பக்காற்று கொதிகலனுக்குள் அமைந்த குழாய்களின் வழியே பாய்ந்து நீரைச் சூடாக்கும். அழுத்தம் மிக்க நீராவி உருளைகளுக்குள் புகுந்து உந்துதண்டுகளை முன்னும் பின்னும் தள்ளும். அவ்வசைவு நடு அச்சிலுள்ள பெரிய சக்கரங்களைச் சுழற்றும். முன்னும் பின்னும் அமைந்த சிறிய சக்கரங்கள் எடையைத் தாங்கும். பல் ஏதும் இல்லாத இவ்வமைப்பே உலகெங்கும் பரவியது. பிளெங்கின்சாப்பின் பற்சக்கரம் பழங்கதையாகிப் போனது.

கார்ல்ஸ்ரூ நகரில்

1840ஆம் ஆண்டு ரிக்கன்பாக் செருமனியின் கார்ல்ஸ்ரூ நகரை அடைந்து, எமில் கெஸ்லரின் இயந்திரப் பட்டறையில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பொறிகளையே நம்பியிருந்த செருமானிய அரசுகள் தம் மண்ணிலேயே பொறிகளைச் செய்ய முனைந்த காலம் அது. பாடன் நாட்டின் இருப்புப்பாதைக்காகக் கெஸ்லரின் பட்டறை தன் முதல் நீராவிப்பொறியை 1841ஆம் ஆண்டு உருவாக்கியது. பாடேனியா என்பது அதன் பெயர். அண்டை நாடுகள் பலவும் 1435 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டவாளம் அமைத்தபோது, பாடன் நாடு 1600 மில்லிமீட்டர் அகலப்பாதையைத் தேர்ந்தது. பிற்காலத்தில் அண்டை நாட்டுப் பாதைகளோடு இணைய வேண்டி அதனை முழுவதும் மாற்ற நேர்ந்தது. இருப்புப்பாதைத் தொழிலில் பொறியும் பாதையும் ஒரே சிந்தனையில் பிறக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

அப்பட்டறையில் ரிக்கன்பாக் தம் திறமையால் படிப்படியாக உயர்ந்து மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். அங்கு அவர் பணியாற்றிய ஆண்டுகளில் ஏறத்தாழ 150 பொறிகளின் உருவாக்கத்தில் பங்குகொண்டார். கொதிகலனின் தகடு எங்கே பலவீனப்படும், உந்துதண்டு எங்கே தேயும், சக்கரம் எப்போது வழுக்கும் என்பவற்றை அவர் கையால் தொட்டு அறிந்தார்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரையும் பாடன் என்னும் சிற்றூரையும் இணைத்து 1847ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. முழுவதும் சுவிட்சர்லாந்துக்குள்ளேயே அமைந்த முதல் பாதை அதுவே. அதில் ஓடிய லிம்மாட் என்னும் பொறி கெஸ்லரின் பட்டறையில் உருவானது. அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற ரிக்கன்பாக்கை, தாயகம் விரைவில் தன்பால் அழைத்துக்கொண்டது.

வழுக்கிய சக்கரம்

1853ஆம் ஆண்டு சுவிஸ் மத்திய இருப்புப்பாதை நிறுவனம் ரிக்கன்பாக்கைத் தன் இயந்திரப் பிரிவின் தலைவராக அமர்த்தியது. சில ஆண்டுகளில் ஓல்டன் நகரில் அமைந்த பெரிய பட்டறை அவர் பொறுப்பில் வந்தது. பழுதுபார்க்கும் இடமாகத் தொடங்கிய அப்பட்டறையைப் பொறிகளையும் இரும்புப் பாலங்களையும் செய்யும் இடமாக அவர் வளர்த்தார்.

ஓல்டன் நகருக்கு வடக்கே ஹவன்ஸ்டைன் என்னும் மலைத்தொடர் உண்டு. 1858ஆம் ஆண்டு அம்மலையைக் குடைந்து பாதை திறக்கப்பட்டது. அதன் ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 26 மீட்டர். ஏறத்தாழ 38 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் இச்சரிவு கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும். ஆயினும், சுமை மிக்க வண்டிகளை இழுத்த பொறிகள் அங்கே திணறின. ஈரமான நாள்களில் சக்கரங்கள் வழுக்கின. தண்டவாளத்தில் மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்கினர். பொறியின் எடையைக் கூட்டினாலும் அந்த எடையையும் சேர்த்தே மேலே ஏற்ற வேண்டியிருந்தது. நாள்தோறும் இதனைக் கண்ட ரிக்கன்பாக், குறை பொறியின் ஆற்றலில் இல்லை, பிடிப்பில்தான் உள்ளது என்பதை உணர்ந்தார்.

அரை நூற்றாண்டுக்கு முன் சமவெளியில் தேவையற்றது எனக் கைவிடப்பட்ட பற்சக்கரம் மலைக்குத் தேவையானது என்னும் எண்ணம் அவருள் உருப்பெற்றது. பிளெங்கின்சாப் பற்களைப் பக்கவாட்டில் வைத்தார்; அதனால் இழுவிசை ஒருபுறமாகச் சாய்ந்தது. ரிக்கன்பாக் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டத்தை அமைத்தார். இரண்டு இரும்புச் சட்டங்களை இணையாக நிறுத்தி, அவற்றுக்கிடையே குறுக்குக் கட்டைகளைச் சீரான இடைவெளியில் பொருத்தினார். பார்வைக்கு அது தரையில் படுத்திருக்கும் ஏணியை ஒத்திருந்தது. பொறியின் அடியில் அமைந்த பற்சக்கரம் அவ்வேணியின் ஒவ்வொரு படியையும் பற்றி மேலேறும். 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிரான்சு நாட்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

காப்புரிமை கிடைத்தது; ஆதரவு கிடைக்கவில்லை. வழக்கொழிந்த பற்சக்கரத்தை மீண்டும் கொண்டுவரும் முயற்சியை அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் கடந்தன. அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் வாஷிங்டன் மலையில் பற்சட்டப் பாதையை அமைத்து 1869ஆம் ஆண்டு அதன் உச்சிவரை வண்டியை ஓட்டினார். இருவரும் தனித்தனியே ஒரே இடர்ப்பாட்டுக்கு ஒத்த தீர்வைக் கண்டிருந்தனர். அமெரிக்காவின் வெற்றி சுவிட்சர்லாந்தில் ரிக்கன்பாக்கின் எண்ணத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

ரிகி மலையின் உச்சியை நோக்கி

லூசர்ன் ஏரியின் கரையில் எழும் ரிகி மலை காலைக்கதிரவனின் எழிலைக் காண மக்கள் கூடும் இடம். நடந்தும் குதிரையில் அமர்ந்தும் பல்லக்குகளில் சுமக்கப்பட்டும் அவர்கள் மலையேறினர். நேஃப், சோக்கே என்னும் பொறியாளர் இருவருடன் இணைந்து ரிக்கன்பாக் அம்மலைக்கு இருப்புப்பாதை அமைக்க இசைவு வேண்டினார். 1869ஆம் ஆண்டு லூசர்ன் மாநில அரசு இசைவு அளித்தது.

விட்ஸ்னாவ் என்னும் ஏரிக்கரை ஊரிலிருந்து பாதை தொடங்கியது. அதன் மிகுதியான ஏற்றம் 4 மீட்டருக்கு 1 மீட்டர். அத்தகைய சரிவில் கிடைநிலைக் கொதிகலனைப் பொருத்தினால் நீர் பின்புறமாக ஒதுங்கிவிடும்; முன்புறக் குழாய்கள் நீரின்றிக் காய்ந்து வெடிக்கக்கூடும். ஆகவே, கொதிகலனை நெட்டுக்குத்தாக நிறுத்தினர். அதுவும் சமதளத்தில் சாய்ந்தும், மலைச்சரிவில் நேராகவும் நிற்குமாறு பொருத்தப்பட்டது. வண்டியைப் பொறி முன்னின்று இழுக்கவில்லை. கீழ்ப்புறத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளியது. இணைப்பு அறுந்து பெட்டி கீழே உருளும் அச்சம் இதனால் நீங்கியது.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பேரிடர் தருவது. நெடுந்தொலைவு தடுப்புக் கட்டைகளை அழுத்திக்கொண்டே இறங்கினால் அவை சூடேறித் தேய்ந்துவிடும். இதற்கும் ரிக்கன்பாக் வழி கண்டார். இறங்கும்போது நீராவியை நிறுத்திவிட்டு உருளைகளுக்குள் காற்றைப் புகவிட்டார். உந்துதண்டுகள் அக்காற்றை அழுத்தின. அழுத்தப்பட்ட காற்று உந்துதண்டின் வேகத்தைத் தடுத்தது. காற்று அழுந்தும்போது எழும் வெப்பத்தைத் தணிக்கச் சிறிதளவு நீரையும் உருளைக்குள் செலுத்தினார். மேலே ஏற்றிய பொறியே கீழே இறங்கும்போது தடுப்பாகவும் ஆனது. எதிரழுத்தத் தடுப்பு எனப்படும் இம்முறை பிற்கால மலைப்பாதைகள் பலவற்றிலும் இடம்பெற்றது.

1871ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ரிகி மலைப்பாதை திறக்கப்பட்டது. அன்று ரிக்கன்பாக்கின் 54ஆம் பிறந்தநாள். ஐரோப்பாவின் முதல் பற்சட்ட மலைப்பாதை அது. 1873ஆம் ஆண்டு அப்பாதை மலையுச்சியை எட்டியது. தொடர்ந்து வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய நகரங்களை ஒட்டிய குன்றுகளிலும், செருமனியின் டிராகன்ஃபெல்ஸ் குன்றிலும், பிரேசில் நாட்டின் பெட்ரோபோலிஸ் மலையிலும் ரிக்கன்பாக்கின் ஏணி படிந்தது.

வெற்றியோடு இழப்பும் வந்தது. மலைப்பாதைகளைக் கட்டுவதற்காக 1873ஆம் ஆண்டு ஆராவ் நகரில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நிறுவனத்திற்கு அவர் தலைமை ஏற்றார். பொருளாதார நெருக்கடியில் அந்நிறுவனம் நிலைக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னர், ஓல்டன் நகருக்குத் திரும்பி அறிவுரை வழங்கும் பொறியாளராக அவர் மீண்டும் தொழில் தொடங்கினார்.

நீலகிரியின் அழைப்பு

அக்காலத்தில் தமிழ்நாட்டிலும் இருப்புப்பாதைகள் விரைந்து வளர்ந்தன. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை முதல் பயணவண்டி ஓடியது. 1873ஆம் ஆண்டு போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை பாதை நீண்டது. 1876ஆம் ஆண்டு தூத்துக்குடித் துறைமுகத்தை இருப்புப்பாதை எட்டியது. கடற்கரைவரை ஓடிய வண்டி மலையடிவாரத்தில் மட்டும் நின்றுபோனது. சென்னை மாகாண அரசு கோடைக்காலத்தில் உதகமண்டலத்திலிருந்து இயங்கியது. தேயிலைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் மலையில் பெருகின. ஆயினும், மேட்டுப்பாளையத்திற்கு மேலே மக்களும் சரக்கும் மாட்டுவண்டியையும் குதிரையையும் பல்லக்கையுமே நம்பியிருந்தனர்.

1880களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக் கடல்கடந்து வந்து நீலகிரியை நேரில் கண்டார். ரிகியில் அமைத்ததைப் போன்ற பாதையை இங்கும் அமைக்கலாம் எனக் கணித்தார். அப்பணிக்கு 1,32,000 பவுண்டு செலவாகும் என மதிப்பீடு அளிக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டு ரிகி மலையின் பெயரையே தாங்கி நீலகிரி ரிகி இருப்புப்பாதை நிறுவனம் தொடங்கப்பட்டது. எனினும், போதிய முதல் திரளவில்லை, திட்டம் தேங்கியது. பின்னர் வந்த புதிய நிறுவனம் 1891ஆம் ஆண்டு பணியைத் தொடங்கியது. ஆளுநர் வென்லாக் முதல் மண்ணை வெட்டினார். அந்நிறுவனமும் 1894ஆம் ஆண்டு நொடித்துப்போனது. 1896ஆம் ஆண்டு மற்றொரு நிறுவனம் பணியை மேற்கொண்டது.

மலையில் வேலை செய்தல் எளிதாக இல்லை. கல்லாறுக்கு மேலே பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தும், பள்ளங்களின் மீது பாலங்களைத் தூக்கி நிறுத்தியும், குகைகளைக் குடைந்தும் பாதை அமைக்க வேண்டியிருந்தது. கொட்டும் மழையிலும் அடர்ந்த காட்டிலும் பாடுபட்ட தொழிலாளர்களின் பெயர்களை வரலாறு பதிந்து வைக்கவில்லை. அவர்கள் வெட்டிய பாறையின் மீதுதான் இன்றும் வண்டி ஓடுகிறது.

ஆசிரியரும் மாணவரும்

நீலகிரியில் இறுதியாகப் பதிக்கப்பட்ட பற்சட்டம் ரிக்கன்பாக்கின் ஏணி அன்று. அவரிடம் ஓல்டன் பட்டறையில் பணியாற்றிய ரோமன் ஆப்ட் என்னும் இளம் பொறியாளரின் அமைப்பே இங்கு இடம்பெற்றது.

ஆப்ட் 1850ஆம் ஆண்டு பிறந்தவர். 1872 முதல் 1875 வரை ரிக்கன்பாக்கின்கீழ்த் தொழில் பழகியவர். ஏணி அமைப்பின் வலிமையையும் குறையையும் அருகிருந்து அறிந்தவர். ஏணியின் ஒரு படியை விட்டு அடுத்த படியைப் பற்றும்போது பற்சக்கரத்தில் சிறு அதிர்வு எழும். ஏணி கனமானது, வளைவுகளில் அதனை வளைத்துப் பொருத்துவதும் கடினம். ஆப்ட் குறுக்குப் படிகளை நீக்கினார். மேற்புறம் பற்கள் வெட்டப்பட்ட தட்டையான எஃகுச் சட்டங்களை அருகருகே நிறுத்தினார். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி அமையுமாறு அவற்றை மாற்றி வைத்தார். ஒரு பல் விடுபடும் முன்னரே அடுத்த சட்டத்தின் பல் பிடித்துக்கொள்ளும். எந்நொடியும் பிடிப்பு அறுவதில்லை. 1882ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். செருமனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் 1885ஆம் ஆண்டு அவ்வமைப்பு முதலில் பயனுக்கு வந்தது.

வளைவுகள் மிகுந்த நீலகிரிக்கு ஆப்டின் இரட்டைச் சட்டம் பொருத்தமாக அமைந்தது. 1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின் 40 நாள்கள் கழித்து, ஜூலை 25ஆம் நாள், ரிக்கன்பாக் ஓல்டன் நகரில் தம் 82ஆம் வயதில் காலமானார். அவர் கண்ட மலையில், அவர் கணித்த பாதை, அவரிடம் பயின்றவரின் பற்களைப் பற்றி ஏறியது. ஆசிரியரின் கருவியை மாணவர் கடந்து சென்றார். ஆசிரியரின் எண்ணமோ மாணவரின் கருவிக்குள்ளேயே வாழ்ந்தது.

இன்றும் ஏறும் வண்டி

1908ஆம் ஆண்டு பாதை உதகமண்டலம்வரை நீண்டது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைவழிகளும் உள்ளன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் மட்டுமே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. சரிவு குறைந்த பிற பகுதிகளில் வண்டி வழவழப்பான சக்கரத்தாலேயே ஓடுகிறது. சமவெளிக்கு உராய்வு, மலைக்குப் பல் என்னும் தெளிவு ஒரே பாதையில் இணைந்திருப்பதை இங்குக் காணலாம்.

இதற்கெனச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எக்ஸ் வகைப் பொறிகள் செய்யப்பட்டன. அவற்றில் நான்கு உருளைகள் உண்டு. இரண்டு உருளைகள் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். பற்சட்டப் பகுதிக்குள் நுழைந்ததும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டு உருளைகளுக்குள் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒருமுறை உழைத்த நீராவி மீண்டும் ஒருமுறை உழைக்கிறது. ரிகியில் கண்டது போலவே, இங்கும் பொறி கீழ்ப்புறத்தில் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது.

2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் நீலகிரி மலைப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பழைய பொறிகள் மூப்படைந்தபோது, 2011ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பட்டறையில் புதிய எக்ஸ் வகை நீராவிப்பொறிகள் செய்யப்பட்டன. பெர்லினிலும் கார்ல்ஸ்ரூவிலும் ஒருகாலத்தில் தொழிலாளர் அயல்நாட்டுப் பொறியைக் கண்டு தாமே செய்யக் கற்றனர். அத்தகைய பணியைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பொன்மலையில் நிறைவேற்றினர்.

ரிக்கன்பாக் முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பல நாடுகளில் பாதை அமைத்த பெருமை அவருக்கு உண்டு; ஆயினும், அந்நூலின் தலைப்பில் தம்மை முதிய பொறித்தொழிலாளி என்றே குறித்துக்கொண்டார். பட்டறையில் அரம் பிடித்த நாளை அவர் மறக்கவில்லை. ஒரு காலத்தில் பயனற்றது எனத் தள்ளப்பட்ட எண்ணம், தனக்குரிய இடம் வாய்க்கும்போது பயன் தருகிறது. அவ்விடத்தைக் கண்டறிய நூலறிவும் வேண்டும்; வழுக்கும் சக்கரத்தின் அருகே நின்று பழகிய கண்ணும் வேண்டும். நாசரேத் வழியாக மட்டமான மண்ணில் ஓடும் வண்டியும், கல்லாற்றுக்கு மேலே பல்லைப் பற்றி ஏறும் வண்டியும் இவ்வுண்மையை நாள்தோறும் உணர்த்துகின்றன.